வேலை பார்க்க வந்தவள்

திட்டத்துக்குப் பெயர் வைக்கும் கூட்டத்தில் நான் "நிழல் வாரம்" என்றேன். விடுமுறையில் ஒரு மாணவி ஒரு வாரம் முழுக்க ஒரு தொழில்காரருடன் நிழல் மாதிரிக் கூடவே இருப்பாள். அவர் காலையில் வந்ததும் முதலில் எதைத் தொடுகிறார், யாரிடம் சிரிக்கிறார், யாரிடம் திட்டு வாங்குகிறார், எல்லாவற்றையும் பார்ப்பாள். பார்த்துவிட்டு "இது எனக்கு வேண்டும்" என்றோ "ஐயோ சாமி, ஆளை விடுங்க" என்றோ வீடு திரும்புவாள். அவ்வளவுதான் திட்டம். பார்ப்பது மட்டும்.

"நிழல்னா ஏதோ பேய்க்கதை மாதிரி இருக்கும்மா" என்றார் நலச் சங்கத்தின் செயலாளர். காப்பீட்டு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் அறையிலும் மைக் கேட்பவர். "தமிழ்ல ஒரு அழகு வேணாமா? சிலேடை வேணாமா? 'வேலை பார்க்க வா!' எப்படி? இன்னைக்கு வேலையைப் பார்க்க வா, நாளைக்கு வேலை பார்க்க வா. ஒரே டிக்கெட்ல ரெண்டு படம்!"

"குழப்பம் வரும் சார். வேலை பார்க்க வான்னு சொன்னா, வேலைக்கு வான்னுதான் யாரும் எடுத்துக்குவாங்க."

"படிச்ச பிள்ளைங்களுக்கே இந்த வியாதி இருக்கு. எல்லாத்துலயும் ஒரு நொட்டை."

பொருளாளர் சிரித்தார். எங்கள் சங்கத்தில் பொருளாளர் சிரித்தால் தீர்மானம் நிறைவேறியது என்று அர்த்தம்.

நான் அங்கே ஒப்பந்த ஒருங்கிணைப்பாளர். பட்டியலைத் தட்டச்சு செய்வது, நாற்காலி போடுவது, கடைசியில் நாற்காலியை மடக்குவது, எல்லாமே ஒருங்கிணைப்பில் அடங்கும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். தாத்தாவரை தோண்டினாலும் இன்னொரு ஆள் கிடைக்காது. பட்டமளிப்புப் படத்தை அம்மா சமையலறையில் எண்ணெய்ப் புகை படாத ஒரே சுவரில் மாட்டியிருக்கிறாள். படத்தில் நான் போட்டிருக்கும் கறுப்பு அங்கி வாடகைக்கு எடுத்தது. தோளில் பெரிதாகத் தொங்கும். பட்டமும் எனக்கு அப்படித்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டைகள் வந்தன. நீல நாடா, வெள்ளை அட்டை, கொட்டை எழுத்தில் "வேலை பார்க்க வந்திருக்கிறேன்." கீழே சங்கத்தின் சின்னம்: இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கின்றன.

இடம் தேடி நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் செருப்புக்கடைக்காரன்தான் சந்தோஷப்படுவான். வக்கீல் அலுவலகத்தில் கட்சிக்காரர்களின் ரகசியம் என்றார்கள். வங்கியில் பாதுகாப்பு என்றார்கள். அதே வங்கி அடுத்த வாரமே எங்கள் சங்கத் துணைத்தலைவரின் பேத்தியை மேலாளர் அறையில் உட்காரவைத்துக்கொண்டது. பேத்தியால் பாதுகாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை போல. கமிட்டிக்காரர்களின் பிள்ளைகளுக்கு இடமே தேட வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குச் சித்தப்பாக்கள் இருந்தார்கள். ஒரு சித்தப்பாவுக்குக் கட்டட வரைபட அலுவலகம், ஒரு மாமாவுக்குக் கண் மருத்துவமனை. எங்களுக்கும் ஒரு சித்தப்பா உண்டு. பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறார். எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு மெக்கானிக் பட்டறையும் ரொட்டி அடுப்பும் தையல் கூடமும் உடனே கதவைத் திறந்தன. மெக்கானிக் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"சும்மா பாக்கவா? பாத்துட்டு?"

"பாத்துட்டு யோசிப்பாங்கண்ணே."

"யோசிக்கிறதுக்கு என் பட்டறை எதுக்கும்மா? மொட்டை மாடி போதுமே."

பட்டறை எல்லாம் எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். அதைக் காட்ட ஒரு திட்டம் வேண்டியதில்லை. எனக்கு ஒரே ஒரு பிள்ளையையாவது, தானாக ஒருபோதும் திறக்காத ஒரு கதவுக்குள் தள்ளிவிட வேண்டும் என்று வெறி இருந்தது. அந்தப் பிள்ளை என் தங்கச்சி.

அவளை வீட்டில் பொடிசு என்போம். இப்போது என்னைவிட உயரம், ஆனாலும் பொடிசுதான். பள்ளிக்கூடம் திறந்தால் கடைசி வகுப்பு. திறந்தால் அவள் போவாளா என்பதுதான் எங்கள் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த கேள்வி. அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு நீராவிப் பெட்டி போடுகிறவள். அப்பா போனபிறகு அந்தப் பெட்டிதான் எங்களை வளர்த்தது. இப்போது அம்மாவின் வலது மணிக்கட்டு வேலை நிறுத்தம் செய்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் மணிக்கட்டில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இவளை இத்தோட நிறுத்திக்கலாமா?"

"அம்மா!"

"கத்தாதே. உன்னை நான் நிறுத்துனேனா? நீ அது ஆகணும் இது ஆகணும்னு குதிச்சே. இவ என்ன ஆகணும்னே சொல்ல மாட்டேங்கிறா. என்னன்னு தெரியாம ஒரு பொண்ணை இன்னும் ஒரு வருஷம் பெஞ்சுல உக்கார வெக்கிறதுக்கு என் கை ஒத்துக்கணுமே."

"ஒரு வாரம் பொறு. அவளுக்கு என்ன வேணும்னு அவளே கண்ணால பாக்கட்டும். பாத்துட்டு அவ வாயால சொன்னா அப்புறம் நீ நிறுத்தக் கூடாது."

அம்மா துணியின் முனையைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். "சரி. அவ சொல்லட்டும்."

பொடிசுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் அவளுக்கு வெட்கம். எங்கள் வீட்டில் ஒற்றைக் கண் பூனை ஒன்று இருக்கிறது. பெயர் மேனேஜர், எந்த வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைப்பதால். குப்பைத் தொட்டியில் சீழ் வடிந்த கண்ணோடு கிடந்ததை அவள்தான் எடுத்துவந்து, தன் பாவாடையைக் கிழித்துச் சுற்றி, சொட்டு மருந்து போட்டுப் பிழைக்கவைத்தாள். தெருவில் நொண்டும் நாயைக் கண்டால் எந்தக் காலில் அடி என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். பள்ளிக்கூடத்துக்கு அவள் தாமதமாகப் போன நாட்களில் பாதி, ஏதாவது ஒரு நாலுகால் நோயாளியின் கணக்கில் சேரும்.

ஊரில் ஒரு பிராணி மருத்துவமனை உண்டு. எல்லோரும் நாய் ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே பொருளாளரின் மகளுக்கு ஏற்கனவே இடம் முடிவாகியிருந்தது. அவர்கள் வீட்டு நாய்க்கு அங்கேதான் வைத்தியம். நான் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"ஒரு பொண்ணு நிக்கிற இடத்துல இன்னொரு பொண்ணு நிக்கக் கூடாதா டாக்டர்?"

கையுறையைக் கழற்றியபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கடிச்சா அழக் கூடாது."

"நாயா, பொண்ணா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அனுப்பு" என்றாள்.

திங்கட்கிழமை காலை இரண்டு பெண்களையும் நானே கூட்டிப்போனேன். பினாயில் வாடை, அதற்கு அடியில் ஈர ரோமத்தின் வாடை. எடை பார்க்கும் மேடையில் ரப்பர் விரிப்பு. சுவரில் ஆணியடித்து, கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் புனல்கள் சிறிதிலிருந்து பெரிதாகத் தொங்கின. உள்ளே எஃகு மேசை, அதன் மேல் வளைந்து தொங்கும் விளக்கு, ஒரு மூலையில் உறை போட்ட நுண்ணோக்கி. பின்கட்டில் இரண்டு அடுக்காகக் கூண்டுகள். பொடிசு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். பொருளாளரின் மகள் கழற்றவில்லை. வெள்ளைக் காலணி, நல்ல காலணி. இருவர் கழுத்திலும் ஒரே அட்டைதான் தொங்கியது.

டாக்டரம்மா அட்டையைப் படித்தாள். பிறகு கால்களைப் பார்த்தாள்.

"வேலை பாக்க வந்திருக்கியா? அப்பாடா! போன வாரம்தான் எங்க ஆயா நின்னுட்டாங்க. வா வா" என்றாள் என் தங்கச்சியிடம்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு ரொட்டிக்கடையில் இன்னொரு பிள்ளையை விட வேண்டியிருந்தது. ஓடினேன்.

சாயங்காலம் பொடிசு வீட்டுக்கு வந்தபோது மேனேஜர் அவளை முகர்ந்து பார்த்துவிட்டு, துரோகம் நடந்ததுபோல அலமாரி மேல் ஏறிக்கொண்டது.

"அக்கா, ஒரு நாய் சாக்ஸை முழுங்கிடுச்சு! முழு சாக்ஸ்! வெளிய எடுத்ததும் வீட்டுக்காரம்மா கேக்குறாங்க, இது எங்க வீட்டு சாக்ஸ் இல்லையேன்னு. வீட்டுக்காரர் முகத்தைப் பாக்கணுமே!"

அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள்.

"எப்படி வெளிய எடுத்தாங்க?" என்றேன் நான்.

"அது... நான் பாக்கலை. கழுவுறதுக்கு சாக்ஸ் எங்கிட்ட வந்துச்சு."

"நீ எங்க இருந்தே?"

"பின்னாடி. கூண்டு கழுவினேன். அப்புறம் தரை. அப்புறம் துண்டெல்லாம் அலசிப் போட்டேன். அக்கா, நாய்க்குட்டி கூண்டுல அடியில காகிதம் போடணும், துணி போட்டா கிழிச்சுத் தின்னுடும், தெரியுமா?"

"அந்தப் பொண்ணு?"

"அவளைப் பக்கத்துல நிக்க வெச்சு எல்லாம் காட்டுனாங்க. நுண்ணோக்கில ரத்தம் பாக்கச் சொன்னாங்க. நான் வாளியோட போனப்ப நானும் ஒரு எட்டு எட்டிப் பாத்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"என் கண்ணிமை முடி."

அம்மா மறுபடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாளே போயிருப்பேன். ஆனால் செயலாளர் அந்த நாளைப் பத்திரிகைக்காரருக்குப் படம் எடுக்கக் கொடுத்திருந்தார். வங்கியிலும் கண் மருத்துவமனையிலும் பேத்திகளோடு நின்று அவர் சிரிக்க, நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள் போனேன். உள்ளே மேசையில் மயங்கிய நாய் ஒன்று நான்கு காலையும் விரித்துக் கிடந்தது. அடிவயிற்றில் மயிரை வழித்திருந்தார்கள். பொருளாளரின் மகள் முகமூடியோடு பக்கத்தில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருந்தாள். "கிட்ட வாம்மா, பாரு, பயப்படாதே, இதுதான் கர்ப்பப்பை" என்று டாக்டரம்மா அவளுக்குத் தேன் ஒழுகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொடிசு கையில் துடைப்பக் கட்டையோடு கதவு இடுக்கில் நின்றிருந்தாள். கழுத்தை நீட்டி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு.

மருந்து எடுத்துக்கொடுப்பவர் திரும்பிப் பார்த்தார். "என்ன பாத்துகிட்டு நிக்கிறே? வேலையைப் பாரு!"

அவள் போய்விட்டாள்.

செயலாளரின் சிலேடை அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. ஒருத்தியிடம் "பாரு" என்றால் பார்க்க வேண்டும். இன்னொருத்தியிடம் "பாரு" என்றால் பார்க்கக் கூடாது. அட்டையில் ஒரு எழுத்தும் வித்தியாசமில்லை.

தையல் போட்டு முடிக்கும்வரை நின்றேன். முடித்ததும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

"என் தங்கச்சி வேலைக்கு வரலை. வேலையைப் பாக்க வந்திருக்கா. டாக்டருக்கு என்ன வேலைன்னு பாக்க."

"கழுத்துல எழுதித் தொங்குதேம்மா, வேலை பார்க்க வந்திருக்கேன்னு."

"அந்தப் பொண்ணு கழுத்துலயும் அதேதானே தொங்குது?"

அவள் திரும்பி அந்த அட்டையைப் படித்தாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! முகம் சிவந்து, உடனே பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ பொண்ணே, கையைக் கழுவிட்டு இங்க வா!"

பொடிசு வந்தாள். டாக்டரம்மா கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, நுண்ணோக்கியின் திருகைச் சரிசெய்து, "கண்ணை ரொம்ப ஒட்டாதே. கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாரு" என்றாள்.

பொடிசு குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பொருளாளரின் மகள் அதற்குள் செல்போனை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்துவிட்டாள்.

"நெளியுது" என்றாள் பொடிசு, குனிந்தபடியே. "புழு. ரத்தத்துக்குள்ள. சுத்தி இருக்கிறதெல்லாத்தையும் தள்ளிகிட்டு நெளியுது." பிறகு நிமிர்ந்து கேட்டாள். "இது கொசு கடிச்சு வர்றதா?"

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. யானைக்கால் நோய்ப் பாடத்துல இப்படித்தான் ஒரு புழு படம் போட்டிருந்துச்சு. அது கொசுவால வர்றது. அதான், நாய்க்கும் அப்படித்தானோன்னு..."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். என் தங்கச்சியைப் பார்த்தாள். "அடேயப்பா! இந்தப் பொண்ணை விடக் கூடாது" என்றாள்.

நான் வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் யாரோ பார்ப்பார்கள் என்ற வெட்கமில்லாமல் அழுதேன். சந்தோஷத்தில். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, வாரம் முடிகிற அன்று அம்மாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அம்மா, அவ டாக்டர் ஆகப்போறா. ஒரு டாக்டரே சொல்லிட்டாங்க, விடக் கூடாதுன்னு.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு முன்பே சேதி வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் சமையலறை நடுவில் நின்றிருந்தாள். முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"டாக்டரம்மா போன் பண்ணாங்கடி! எங்கிட்ட! உங்க பொண்ணு மாதிரி ஒருத்தியை நான் பாத்ததே இல்லைன்னாங்க. என் ஆயுசுல ஒரு டாக்டர் எனக்குப் போன் பண்ணது இதான் முதல் தடவை. அதுவும் யாரும் சாகாம!"

"என்ன சொன்னாங்க?"

"சேத்துக்கிறாங்களாம். திங்கள்லேருந்து. சம்பளம் மாசாமாசம். சாப்பாடு அங்கேயே. ஊசி மருந்தெல்லாம் எடுத்துக் குடுக்கப் போகப்போக பழக்கிடுறாங்களாம்."

விடக் கூடாது என்றால் இதுதான். எப்படி இதைக் கேட்காமல் விட்டேன்! நல்ல ஆள் கிடைத்தால் சலவைக் கூடத்து மேற்பார்வையாளரும் அதையேதான் சொல்வார்.

"பள்ளிக்கூடம்?" என்றேன்.

பொடிசு தரையில் உட்கார்ந்து மேனேஜரின் காதைச் சொறிந்துகொண்டிருந்தாள். பூனை அவள் புது வாடையை ஏற்றுக்கொண்டுவிட்டது. "அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

எங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், இனி கிடையாது என்று அர்த்தம். மச்சு வீடு பார்த்துக்கொள்ளலாம், அம்மாவின் பல்லைப் பார்த்துக்கொள்ளலாம், கடலைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"உனக்கு என்னடி வேணும்? வாயைத் திறந்து சொல்லு. அம்மாகிட்ட சொல்லு. டாக்டர் ஆகணும்னு சொல்லு!"

"கேட்டேன்க்கா."

"யார்கிட்ட?"

"டாக்டரம்மாகிட்டதான். எப்படி டாக்டர் ஆகுறதுன்னு. உக்கார வெச்சு, ஒண்ணு விடாம சொன்னாங்க. கடைசி வருஷம் எல்லாத்துலயும் முதல் மார்க் எடுக்கணும். பரிட்சைக்குத் தனியா ஒரு இடத்துல சேந்து படிக்கணும். அப்புறம் வேற ஊர்ல காலேஜ், விடுதி, அஞ்சு வருஷத்துக்கு மேல. எங்க அப்பாவுக்கு ரெண்டு மருந்துக்கடை இருந்துச்சு, அதுல ஒண்ணு எனக்காகப் போச்சுன்னாங்க. உங்க வீட்டுல என்னம்மா இருக்குன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"மேனேஜர் இருக்காருன்னேன். சிரிச்சுட்டாங்க. அப்புறம் சிரிக்கலை. நான் உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேம்மான்னாங்க."

"நான் இருக்கேன்ல? நான் படிக்க வெக்கிறேன்!"

 அம்மா என் படத்தைப் பார்த்தாள். பொடிசு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு துளி கேலி இருந்திருந்தால்கூட அறைந்திருப்பேன். இல்லை.

"அக்கா, கோவப்படாதே. நீ படிச்சே. இப்ப என்ன பண்றே? எங்களை மாதிரி பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய், அடுத்தவங்க வேலை பாக்குறதை வேடிக்கை பாக்க நிறுத்துறே. அந்த ஒப்பந்தத்தையும் மறுபடி போடுவாங்களான்னு தெரியாம ராத்திரி புரள்றே. நான் பக்கத்துலதானே படுத்திருக்கேன்."

"நீ வாழ்நாள் முழுக்க கூண்டு கழுவுவேடி!"

"கழுவுனா என்ன? எனக்குப் பிடிச்ச இடம். நாய் இருக்கு, பூனை இருக்கு. நீ காட்டலைன்னா எனக்கு அந்தக் கதவே தெரிஞ்சிருக்காது." உண்மையாகவே நன்றியோடு சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "நீ சொன்னபடிதானே நடந்துச்சு? அவ கண்ணால பாக்கட்டும், வாயால சொல்லட்டும், நீ நிறுத்தக் கூடாதுன்னே. நான் நிறுத்தலையே. அவ பாத்தா. சொல்லிட்டா."

மறுநாள் காலை மருத்துவமனை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். டாக்டரம்மா வண்டியிலிருந்து இறங்கும்போதே கேட்டேன்.

"பள்ளிக்கூடம் விட்டு சாயங்காலம் மட்டும் வரட்டுமே? வேலையை விட வேண்டாம், படிப்பையும் விட வேண்டாம்."

அவள் சாவியைத் தேடிக்கொண்டே காதுகொடுத்துக் கேட்டாள். யோசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். "எனக்கு ஆசைதான்மா. ஆனா கூண்டு காலையிலதான் நாறும்." கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து அந்த வாடை வந்தது. அவள் சொன்னது சரி. "சாயங்காலம் வர்ற ஆளு எனக்கு ஆகாது. இவ வரலைன்னா வேற யாரையாவது போட்டுத்தான் ஆகணும். நீயே அவகிட்ட கேட்டுச் சொல்லு."

கேட்க என்ன இருக்கிறது?

அன்று மாலை சங்கக் கூடத்தில் நிறைவு விழா. நாற்காலிகளை நான்தான் போட்டேன். செயலாளர் மைக்கைத் தட்டிவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார். பொருளாளரின் மகள் நன்றாகப் பேசினாள். கூட்டம் அவளை ரசித்தது. "ரத்தத்தைப் பாத்ததும் எனக்குத் தலை சுத்திடுச்சு. எனக்கு இந்த வேலை ஒத்து வராதுன்னு இந்த ஒரு வாரத்துல தெரிஞ்சுகிட்டேன். அடுத்த தடவை சித்தப்பாவோட கட்டட அலுவலகத்தைப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றாள். ஒரே கைதட்டல். திட்டம் இதற்குத்தான். ஒரு பெண் ஒன்றைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லி, அடுத்ததைப் பார்க்கப் போகலாம். நான் எழுதிய திட்டம் ஒருத்திக்கு அப்படியே, புள்ளி பிசகாமல் பலித்திருந்தது.

பிறகு செயலாளர் குரலைத் தாழ்த்தினார். நல்ல சேதி வரும்போது அவர் அப்படித்தான் செய்வார். "நம்ம திட்டத்தால ஒரு ஏழைக் குடும்பத்துப் பொண்ணுக்கு வேலையே கிடைச்சிருக்கு! வேலையைப் பார்க்க வந்தவள், வேலை பார்க்கிறவள் ஆகிட்டாள்! பேர் வெச்ச அன்னைக்கே நான் சொன்னேனா இல்லையா?"

முழுக் கூடமும் எழுந்து நின்று தட்டியது. பொடிசு மேடையேறினாள். முன்வரிசையில் அம்மா, வலது கை வலிக்கும் என்பதால், இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். செயலாளர் மேடையிலிருந்தே என்னைத் தேடிக் கண்டுபிடித்து, எப்படி என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். என் ஒப்பந்தத்தை மறுபடி போடுவார்கள் என்று அந்தப் புருவத்திலேயே தெரிந்துவிட்டது. என் தங்கச்சி என் வேலையைக் காப்பாற்றிவிட்டாள். விழா முடிந்ததும் நாற்காலிகளை மடக்கினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. அடுத்த விடுமுறைக் குழுவுக்குப் பிள்ளைகளைச் சேர்க்க நான் அங்கே போக வேண்டும். நாய் ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சந்து வழியாகப் போனால் குறுக்கு வழி. அந்தக் காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

பொடிசு பின்கதவில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பச்சை நிற வேலை உடுப்பு, தோளில் பெரிதாகத் தொங்கியது. நீல நாடாவில் அதே அட்டை; அவள் பெயர் போட்ட புதுசு வரும்வரை அதையே மாட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம். உள்ளே ஏதோ ஒரு நாய்க்குட்டி விடாமல் கத்தியது. அவள் தலையைத் திருப்பாமலே அதற்கு "இருடா, வரேன்" என்றாள். அது நிறுத்திவிட்டது.

பள்ளிக்கூட மணி அங்கே வரைக்கும் கேட்டது. இருவரும் கேட்டோம். அவள் வாளியை நிமிர்த்தி, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா பாத்துகிட்டு நிக்கிறே? போ. போய் உன் வேலையைப் பாரு."

போனேன்.

போன முறை வகுப்பு வகுப்பாகக் கெஞ்சினாலும் பத்துப் பேர் தேறவில்லை. இந்த முறை தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வராந்தா முழுக்க வரிசை நின்றது. முழுக்க எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகள். அட்டைக் கட்டை மேசையில் வைத்தேன். கொட்டை எழுத்து, இரண்டு கைகள். வரிசையில் முதலில் நின்றவள் பொடிசோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கணக்கில் கெட்டிக்காரி என்று பொடிசு சொல்லியிருக்கிறாள்.

"உனக்கு என்ன ஆகணும்?" என்று கேட்டேன்.

அவள் அந்தக் கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை. மேசை மேல் குனிந்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"அக்கா, உங்க தங்கச்சிக்குக் கிடைச்ச மாதிரி எனக்கும் கிடைக்குமா?"

எனக்குப் பின்னால் அறைக்குள் தலைமையாசிரியரிடம் செயலாளர் சிரிப்பது கேட்டது. அவள் ஏற்கனவே கழுத்தை நீட்டிவிட்டாள். நாடாவை எடுத்து மாட்டினேன். முடி சிக்கிக்கொண்டது, அவளே எடுத்துவிட்டுக்கொண்டாள்.

"அடுத்த ஆள்" என்றேன்.